மூன்று வெள்ளி எண்பது காசு

எங்கள் புளோக்கை நெருங்கும்போது
எல்ஆர்டி கண்ணை மூடிக்கொள்ளும்.
சன்னல் கண்ணாடியில் சட்டென்று பால் படரும்;
உள்ளே இருப்பவர்களுக்கு
எங்கள் சமையலறை தெரியாது.
தெரிந்திருந்தால் இன்றைக்கு
ஒரு நகைக்கடையைப் பார்த்திருப்பார்கள்.

புக்கிட் பாஞ்சாங், நான்காம் மாடி, வெள்ளி இரவு.
மேசையில் பேரங்காடி விளம்பரத் தாள்.
கோழி மலிவு என்று எழுதிய இடத்தில்
பதினாறு டின் வளையங்கள்.
பல் கிளினிக்கில் எல்லாரும் குடித்துப் போட்ட
மைலோ டின்களிலிருந்து
திருகித் திருகிப் பிடுங்கியவை.
முன்மேசை ஹுய் லிங்
எதற்கு என்று கேட்கவே இல்லை.
தன்னுடையதைக் கழுவித் துடைத்து
டிஷ்யூவில் சுற்றித் தந்தாள்.

பச்சை நூலைச் சுற்றச் சுற்ற
அலுமினியம் மறைகிறது.
பிளவுஸில் மிஞ்சிய கரைத்துணி
பழைய பிளாஸ்டிக் வளையலில் ஏறுகிறது,
பாதி வழியில் முறுக்கிக்கொள்கிறது,
மறுபடி முதலிலிருந்து.
பசை, ஒட்ட வேண்டியதை விட்டுவிட்டு
என் விரலோடு விரலை ஒட்டுகிறது.
காதுக் கொக்கி, பத்து ஜோடி, இரண்டு வெள்ளி.
தள்ளுபடிக் கூடையில் கிடந்த சிவப்பு நகப்பூச்சு
ஒன்று எண்பது.
மற்றதெல்லாம் இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருந்தது.

இடது கை அழகாக வந்தது.
செல்லோடேப்பைப் பிறையாக வெட்டி
நகத்தடியில் ஒட்டி,
சிவப்பைத் தீட்டி, ஊதி, உரித்தால்
ஐந்து விரலிலும் மூன்றாம் நாள் நிலா.
வலது கைக்குத்தான் ஆளில்லை.
இடது கையால் வலது கைக்குத் தீட்டுவது
எதிரியிடம் தலையைக் கொடுத்து
முடிவெட்டிக்கொள்வது போல.
கட்டைவிரல் போயிற்று. ஆள்காட்டி போயிற்று.
இரண்டாம் முறை பஞ்சால் துடைத்தபோது
கதவில் சாவி.

தம்பி அமுதீசன். புக் அவுட்.
ஒன்பது நாள் காட்டில் கிடந்தவன்.
காதுக்குப் பின்னால் பச்சை மை
இன்னும் இலையாகவே இருந்தது.
"என்னக்கா, ஆபரேஷனா?"
"நாளைக்கு நித்திலா கல்யாண டின்னர்டா. கையைப் பாரு."
பார்த்தான்.
போய்க் கழுவிக்கொண்டு வந்தான்;
துப்பாக்கி எண்ணெய் மட்டும்
நகக்கண்ணில் நின்றுகொண்டது.
நாற்காலியை இழுத்துப் போட்டான்.
நிலாவெல்லாம் தனக்கு வராது என்றான்.
பல்குத்தியை எடுத்தான்.

"நகராதே."
நகத்துக்கென்றே பிறந்த சொல் மாதிரி இருந்தது.
மூச்சை இழுத்து, பாதியை விட்டு,
மீதியைப் பிடித்துவைத்துக்கொண்டு
நுனியை இறக்கினான். ஒரு புள்ளி.
இப்படித்தான் சுடச் சொல்லித் தந்தார்களாம்.
அடுத்த மூச்சு, அடுத்த புள்ளி.
அங்கே பாதிக் குறி தவறிவிட்டதாம்.
இங்கே ஒன்றுகூடத் தவறவில்லை.
எல்ஆர்டி இரண்டு முறை
கண்ணை மூடித் திறந்து போயிற்று.

மறுநாள் சிராங்கூன் ரோடு மண்டபத்தில்
பிரியாணி வரிசையில் நின்றபோது
சின்ன மாமி என் காதருகே வந்து
தொங்கட்டானை விரலால் தூக்கிப் பார்த்தார்.
"வெள்ளியா?"
"வெள்ளிதான் மாமி."
"எத்தனை கிராம்?"
"கிராம் தெரியலை. மூணு எண்பது.
நகப்பூச்சையும் சேர்த்து."
மாமி கணக்குப் போட்டுக்கொண்டு நிற்க,
நான் அப்பளம் தேடிப் போனேன்.
பாயசத்துக்குள் இடது காது நூல் அவிழத் தொடங்கியது.
மைலோவின் ஓரம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.
முடியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

ஞாயிறு இரவு எல்லாவற்றையும் அழித்தேன்.
கிளினிக்கில் பூச்சு கூடாது.
நிலா ஐந்தும் ஒரே பஞ்சில் போயின.
புள்ளிகளை ஒவ்வொன்றாக.

பத்தரைக்கு முகாமிலிருந்து ஒரு படம்:
அவன் கட்டைவிரல்,
ஓரத்தில் காய்ந்த சிவப்பு.
"எதால போகும்? காலையில சார்ஜண்ட் பார்ப்பாரு."

பல்லால் சுரண்டு என்று தட்டினேன்.
அனுப்புமுன் அழித்தேன்.
கேட்டால்,
ரத்தம்னு சொல்லு.